தொண்ணூற்றொரு நிமிடம்

அம்மாவின் நினைவுப் புத்தகத்தின் சரிபார்ப்பு நகல் புதன்கிழமை காலை வந்தது. மகள் அன்று லீவு. விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் "களைப்பு" என்று எழுதியிருந்தாள். மேலதிகாரி ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அம்மா இறந்து ஐந்து வாரம். ஐந்து வாரம் வரை இந்தச் சலுகையெல்லாம் கிடைக்கும், ஆறாவது வாரம் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

உறைக்குள் நாற்பத்தெட்டுப் பக்கம், நூற்றுப்பத்துப் பொன்மொழிகள். கூடவே ஏற்கெனவே அச்சாகிவிட்ட ஒரு அட்டை. அதில் அம்மாவின் படம் இல்லை. அம்மா யாரையும் படம் எடுக்க விட்டதில்லை. கரும்பாறை ஒன்றின் மேல் விண்வெளி உடையில் ஒருத்தி கையை ஓங்கி நிற்கிறாள். அவள் தலைக்கு மேல் பெரிய எழுத்தில்:

"இந்தப் பாறையில் எதை எறிந்தாலும் திரும்பி வரும். அதனால் பார்த்து எறி."

பதிப்பாளர் பென்சிலில் குறிப்பு எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் படித்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டுத் தர வேண்டும். சனிக்கிழமை அச்சு ஏறுகிறது. இந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியதே மகள்தான். அம்மா சொல்லாத எதுவும், தப்பான எதுவும், அம்மா பேரில் போய்விடக் கூடாது.

கையெழுத்து அவளுக்குப் புதிதில்லை. வேலையே அதுதான். தொழிற்சாலைகளின் அழுத்தமானி, வெப்பமானி, தராசு எல்லாம் அவள் மேசைக்கு வரும். சரியான அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். சரியாக இருந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு. பதினாறு வருடமாக இதைச் செய்கிறாள்.

அம்மா செய்த வேலை வேறு. பஸ் டெப்போவில் நேர அட்டவணை போடும் அறையில் முப்பத்தொரு வருடம் இருந்தாள். சேர்ந்தபோது பதினோரு வழித்தடம், ஓய்வு பெறும்போது அறுபத்து நான்கு. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், எங்கே எத்தனை நிமிடம் நிற்கும், ஓட்டுநர் எப்போது சாப்பிடுவார், டீசல் எந்த நடையோடு தீரும் என்பதெல்லாம் அம்மாவின் பென்சிலில் இருந்தது. அந்த அறைக்கு ஜன்னல் ஒன்றுதான். அதைத் திறந்தால் வண்டி கழுவும் இடத்திலிருந்து தண்ணீர் தெறிக்கும், மூடினால் வியர்க்கும். சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி நேரம் அந்த வியர்வையில் உட்கார்ந்து அம்மா கதை எழுதுவாள்.

பழைய அட்டவணைத் தாள்களின் பின்பக்கம்தான் கையெழுத்துப் பிரதி. ஒரு பத்திரிகை ஆசிரியர் இப்படிப் பதில் போட்டார்: "வியாழனின் நிலவுகள் பற்றிய தங்கள் கதை கிடைத்தது. அதன் மறுபக்கத்தில் உள்ள பதினாலாம் எண் பேருந்து எங்கள் அலுவலக வாசலில் ஒருநாளும் சரியான நேரத்துக்கு வருவதில்லை. கதையை ஏற்கிறோம்."

அம்மாவின் கதைகளில் மந்திரம் கிடையாது. ஒளியை மிஞ்சி எதுவும் போகாது. கப்பல் திரும்ப வேண்டுமானால் எரிபொருள் வேண்டும். இல்லையென்றால் திரும்பாது, உள்ளே இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. அறுபது கதைகளும் நான்கு நாவல்களும் இந்தப் பிடிவாதத்தில் எழுதியவை. டெப்போவில் அம்மாவுக்கு ராக்கெட்டம்மா என்று பேர். முதலில் கேலிக்கு வைத்தது. பிறகு ஓய்வு பெற்ற நாளில் மாலையோடு சேர்த்து அதே பேரைத்தான் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

பொன்மொழி என்ற சொல் அம்மாவுக்குப் பிடிக்காது. ஆனால் வாயைத் திறந்தால் எதையாவது சொல்லிவிடுவாள். யாராவது அதைக் குறித்துக்கொள்வார்கள்.

"பஸ் லேட்டாகும். கிரகம் லேட்டாகாது. அதனாலதான் எனக்குக் கிரகம் பிடிக்கும்."

"விண்வெளி பெரியதுன்னு எழுதாதே. எத்தனை கிலோமீட்டர்னு எழுது."

"காத்து தீர்ந்துட்டு இருக்கற ரூம்ல யாரும் தத்துவம் பேச மாட்டாங்க. பேசினா காத்து சீக்கிரம் தீரும்."

"எதிர்காலத்துலயும் யாராவது ஒருத்தர் பாத்திரம் கழுவித்தான் ஆகணும். அது யாருன்னு எழுதலைன்னா நீ எழுதினது எதிர்காலம் இல்ல."

இவையெல்லாம் சரி. மகள் கூடவே இருந்து கேட்டவை. பக்கத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தாள்.

எதிரே அப்பா வாராந்திர மாத்திரை டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்தார். முன்பு இரண்டு டப்பா, இப்போது ஒன்று. வேலை சீக்கிரம் முடிந்துவிடுவதால் கொட்டிவிட்டு மறுபடி அடுக்குவார். அவர் அதே டெப்போவில் கண்டக்டராக இருந்தவர். அம்மா அவரைக் கடைசிவரை "கண்டக்டர்" என்றுதான் கூப்பிட்டாள். அவர் பதிலுக்கு "மேடம்" என்பார்.

"எத்தனை முடிஞ்சுது பாப்பா?"

"முப்பத்தாறு. அதுல பதினொன்னு அம்மா சொல்லாதது."

"ஒன்னு படி."

"'கனவுகளுக்கு ஈர்ப்பு விசை கிடையாது.'"

அப்பா மாத்திரையைக் கீழே வைத்தார். "இதை அவ பாத்திருந்தா எழுதினவன் வீட்டுக்கே போயிருப்பா. நான்தான் பஸ் ஏத்தி விட்டிருக்கணும்."

"எல்லாரும் போன்ல அனுப்பிக்கறாங்கப்பா. பின்னாடி சூரியன் மறையற படம் போட்டு."

"அவ எழுதின கிரகத்துல சூரியன் ரெண்டு இருந்துச்சே. எந்தச் சூரியனாம்?"

மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அடுத்த வரிக்குப் போனாள்.

அட்டையிலும் முதல் பக்கத்திலும் இருந்த வாசகத்தைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அது 'துருவத்தில் ஒருத்தி' நாவலில் வருகிறது. நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம். விண்வெளியில் மிதக்கும் சின்னப் பாறை ஒன்றில் தனியாக இயந்திரம் பழுது பார்க்கும் பெண், ஒருநாள் கோபத்தில் ஸ்பானரை நேர் மேலே விட்டெறிகிறாள். அது மேலே போய்க்கொண்டே இருக்கிறது. தொண்ணூற்றொரு நிமிடம் கழித்து, கோபமெல்லாம் ஆறிய பிறகு, எறிந்த அதே வேகத்தில் அவள் தலையை நோக்கி வருகிறது. அப்போது அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுதான் அந்த வரி.

அது நாவலை விட்டு வெளியே ஓடிப் பல வருடமாகிவிட்டது. அலுவலகச் சுவர்களில் ஒட்டியிருந்தது. யாரோ ஒருவர் முழங்கையில் பச்சை குத்திக்கொண்டு வந்து காட்டினார். டெப்போவில் அது சட்டம் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பேருக்குள் வாய்த் தகராறு என்றால் மூன்றாவது ஆள் கடிகாரத்தைப் பார்த்து, "தொண்ணூத்தொரு நிமிஷம், அப்புறம் பேசுங்க" என்பார். வீட்டிலும் அதுதான். சண்டை வந்தால் அப்பா பால்கனிக்கும் அம்மா சமையலறைக்கும் போவார்கள். நேரம் முடிந்ததும் யாராவது ஒருவர், "ஸ்பானர் வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள்.

மகள் நாவலை எடுத்து வாசகத்தை ஒப்பிட்டாள். ஒரு எழுத்து பிசகவில்லை. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் ஒப்பிடுவது என்றால் அவளுக்கு எழுத்தை மட்டும் ஒப்பிடுவது இல்லை. உறையின் பின்பக்கத்தில் கணக்கை எழுதத் தொடங்கினாள். களைப்பில் கை தானாகப் போனது.

பாறையின் குறுக்களவு இருபது கிலோமீட்டர். தண்ணீரைப் போல இரண்டு மடங்கு அடர்த்தி. ஸ்பானரின் வேகம் நொடிக்குப் பதினான்கு மீட்டர். இந்தப் பதினான்கு அம்மா சும்மா எழுதியதில்லை. டெப்போ மைதானத்தில் அப்பாவை நாற்பது தடவை பந்தெறிய வைத்து, கடிகாரம் பிடித்து, விண்வெளி உடைக்காகக் கொஞ்சம் குறைத்து எடுத்த எண். அப்பாவுக்கு மூன்று நாள் கை தூக்க முடியவில்லை.

ஒரு பாறையை விட்டு ஒரேயடியாகப் போய்விடுவதற்கு ஒரு வேகம் உண்டு. அதற்குக் குறைவாக எறிந்தால் திரும்பி விழும், கூடுதலாக எறிந்தால் விழாது. இந்தப் பாறைக்கு அந்த வேகம் எவ்வளவு என்று போட்டுப் பார்த்தாள். நொடிக்குப் பத்தரை மீட்டர்.

பதினான்கு, பத்தரையை விடப் பெரியது.

மறுபடி போட்டாள். அப்புறம் கால்குலேட்டரில் போட்டாள். பத்தரைதான். அந்தப் பாறையிலிருந்து எறிந்த ஸ்பானர் திரும்பி வராது. தொண்ணூற்றொரு நிமிடத்தில் மட்டுமல்ல, எந்த நிமிடத்திலும் வராது.

அவளுக்கு முதலில் கோபம் வந்தது. அம்மாவிடம் இப்படி ஒரு பிழை இருக்க முடியாது. இருந்திருந்தால் யாராவது எழுதியிருப்பார்கள், அம்மா அச்சில் போட்டிருப்பாள். அம்மாவின் ஒவ்வொரு புத்தகத்துக்கும் கடைசிப் பக்கம் "பிழைகள்" என்று இருக்கும். முந்தைய புத்தகத்தில் வாசகர்கள் கண்டுபிடித்த தவறுகள், பக்க எண்ணோடும் கண்டுபிடித்தவரின் பேரோடும். பதிப்பாளர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். "அட்டவணையில தப்பு இருந்தா நோட்டீஸ் போர்டுல ஒட்டறோம் இல்ல, அதேதான்" என்பாள் அம்மா.

பீரோவின் மேல் நான்கு அட்டைப்பெட்டிகள், நாவலுக்கு ஒன்று. மகள் நாற்காலி போட்டு ஏறினாள். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது பெட்டியில், அட்டவணைத் தாள்களுக்கு நடுவே, கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள் இருந்தது. நீல மையில் உருண்டையான எழுத்து. முதல் வரி: "ஆரம் = 20 கி.மீ." கீழே பதினைந்து வரி கணக்கு, கடைசியில் 91 நிமிடம், கீழே இரண்டு கோடு. ஓரத்தில் "சரி" என்று எழுதித் தேதியோடு ஒரு கையெழுத்து.

கையெழுத்து அவளுடையது. அவளுக்கு அப்போது பதினேழு வயது.

பாறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை இருபது கிலோமீட்டர் என்று அம்மா சொல்லியிருந்தாள். மகள் அதை நடுவிலிருந்து விளிம்பு வரை என்று எடுத்துக்கொண்டாள். பாறை இரண்டு மடங்காகிவிட்டது. அவ்வளவு பெரிய பாறையிலிருந்து எறிந்தால் திரும்பித்தான் வரும்.

அந்த வருடங்களில் அம்மாவின் கணக்கையெல்லாம் அவள்தான் பார்ப்பாள். ஓடுகிற பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கிறவரை நினைத்து அம்மா அவளைச் செக்கர் என்று கூப்பிடுவாள். "செக்கர் பாத்தாச்சு, இனிமே கதை ஓடலாம்" என்று கத்தையைக் கட்டுவாள்.

தாளோடு குத்தூசியில் இன்னும் இரண்டு தாள். ஒன்று, வெளியூர் இயற்பியல் ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதம். பிழையை மூன்று வரியில் மரியாதையாகச் சொல்லியிருந்தார். மற்றது அம்மாவின் பதில், கார்பன் நகல்.

"ஐயா, நீங்கள் சொல்வது சரி. குறுக்களவு இருபது என்பதை ஆரம் இருபது என்று போட்டுவிட்டேன். ஸ்பானர் திரும்பாது. தவறு என்னுடையது. தயவுசெய்து இதை வேறு யாருக்கும் எழுத வேண்டாம். அடுத்த புத்தகத்தின் பிழைப் பட்டியலில் இதை நான் சேர்க்கப் போவதில்லை. காரணம் அறிவியல் சார்ந்ததல்ல."

மகள் நாற்காலியின் மேல் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்."

"எப்பத்திலேர்ந்து?"

"கடிதாசு வந்த அன்னிக்கே. உனக்கு நுழைவுத் தேர்வுக்குப் பத்து நாள் இருந்துச்சு. 'இப்பச் சொன்னா செக்கர் இனிமே எதுலயும் கையெழுத்துப் போட மாட்டா கண்டக்டர்'னு சொன்னா."

"தேர்வு முடிஞ்சு இருபத்துமூணு வருஷம் ஆச்சு."

"அதுக்குள்ள அந்த வரி ஊரெல்லாம் சுத்திருச்சு. உன்கிட்டச் சொன்னா நீதான் முதல் ஆளாப் போய் எல்லார்கிட்டயும் சொல்லுவ. உன்னைத் தெரியாதா?"

அப்பா டப்பாவின் மூடிகளை ஒவ்வொன்றாக அழுத்தி மூடினார்.

"அதை எடுத்துடாத பாப்பா. நாங்க அந்தக் கணக்குலதான் இருபது வருஷம் குடும்பம் நடத்தினோம்."

"தப்பான கணக்குப்பா அது."

"வண்டி ஓடிச்சே."

வியாழக்கிழமை வேலைக்குப் போனாள். பதினெட்டு அழுத்தமானி வந்திருந்தன. அவற்றில் இரண்டுக்குச் சிவப்புச் சீட்டு எழுதினாள். மீதிக்குக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது, பதினாறையும் முதலிலிருந்து ஒப்பிட வேண்டும் போலிருந்தது. ஒப்பிட்டாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. வேலை முடிய ஒரு மணி நேரம் தாமதமானது. அம்மா பயந்தது இதைத்தான் என்று பஸ்ஸில் வரும்போது புரிந்தது. அம்மா பதினேழு வயதுப் பெண்ணுக்காகப் பயந்தாள். நாற்பது வயதுக்காரிக்கு அது ஒரு மணி நேரத் தாமதம், அவ்வளவுதான்.

பேசாமல் விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. அந்த ஆசிரியர் இருக்கிறாரோ இல்லையோ. ஆனால் முதல் பக்கத்தில் அவள் கையெழுத்து இருக்கும். தப்பென்று தெரிந்தே போட்டதாக இருக்கும். அது ஒருபக்கம். பிழை என்று மட்டும் போட்டுவிட்டால் பழி அம்மா மேல் விழும். அது இன்னொருபக்கம். யார் பிழை என்று போட்டால், தவறு என்னுடையது என்று அம்மா தன் கையால் எழுதியதை மகள் பொய் என்று சொல்வதாகும். அம்மா மறுத்துப் பேசவும் முடியாது. இந்த மூன்றையும் பஸ்ஸில் நின்றுகொண்டே மாற்றி மாற்றிப் பார்த்தாள். உட்கார இடம் கிடைத்தபோது இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஒரு தாளில் ஆறு வரி எழுதி அப்பாவிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, டிக்கெட்டைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்கம்மா கோவிச்சுப்பா."

"கோவிச்சுக்கட்டும்ப்பா."

"உன்கிட்ட இல்ல, என்கிட்ட. பெட்டியை ஒளிச்சு வைன்னு சொல்லிட்டே இருந்தா. நான் பீரோ மேல வச்சதே பெரிய ஒளிப்புன்னு நெனச்சேன்." தாளைத் திருப்பிக் கொடுத்தார். "போடு. ஆனா நான் பால்கனிக்குப் போறத யாரும் நிறுத்த முடியாது."

பதிப்பாளரின் அலுவலகம் அச்சகத்துக்கு மேல் மாடியில். கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேசை அதிரும், தேநீர்க் கோப்பை தானாக நகரும். அதைப் பழக்கத்தில் ஒரு விரலால் தடுத்தபடி அவர் பக்கங்களைப் புரட்டினார். அடித்திருந்த ஒவ்வொன்றுக்கும் வருத்தப்பட்டார்.

"கனவுகளுக்கு ஈர்ப்பு விசை கிடையாது, இது நல்லா இருக்கேம்மா. எவ்வளவு பேர் ரசிக்கிறாங்க."

"நல்லாத்தான் இருக்கு. அம்மா சொல்லல."

முதல் பக்கத்துக்கு வந்தார். அதில் கையெழுத்து இல்லை. மகள் கடிதங்களையும் கணக்கையும் அவர் முன் வைத்தாள். அவர் கணக்கைப் புரிந்துகொள்ள முயலவில்லை; கார்பன் நகலை மட்டும் படித்தார். நீளமாகப் பெருமூச்சு விட்டார்.

"ரெண்டாயிரம் அட்டை அடிச்சாச்சும்மா. கீழ கட்டிக் கிடக்கு."

"அட்டையை மாத்த வேண்டாம். கடைசிப் பக்கம் காலியா இருக்கு."

"நினைவுப் புத்தகத்துல பிழைத்திருத்தமா? நான் இதுவரைக்கும் கேள்விப்பட்டதே இல்ல."

"அவங்க எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு. இதுலயும் இருக்கட்டும். அதைப் போட்டாதான் முதல் பக்கத்துல கையெழுத்துப் போடுவேன்."

அவர் தாளை வாங்கி உரக்கப் படித்தார்.

"பிழைகள். அட்டை, மற்றும் பக்கம் ஒன்று. பாறையின் குறுக்களவு இருபது கிலோமீட்டர். நொடிக்குப் பதினான்கு மீட்டர் வேகத்தில் எறிந்த ஸ்பானர் அங்கே திரும்பி வராது. கண்டுபிடித்தவர்: ஓர் இயற்பியல் ஆசிரியர், கடிதம் மூலம். கணக்குப் போட்டவர்: எழுத்தாளரின் மகள். எழுத்தாளருக்கு இது தெரியும். மகளுக்கு இப்போதுதான் தெரியும்."

கோப்பை நகர்ந்தது. அவர் அதைப் பிடிக்க மறந்துவிட்டார், மகள் பிடித்தாள்.

"உங்க உத்தியோகமே சரிபார்க்கறது. இதை வெளியில சொல்லணுமா?"

"ஆமா."

"அவங்களே மறைச்சிருக்காங்க. விட்டுடலாமே."

"அவங்க எனக்காக மறைச்சாங்க. எனக்கு இப்ப வேண்டாம்."

அவர் தாளை நகலின் கடைசிப் பக்கத்தோடு சேர்த்துக் குத்தினார். முதல் பக்கத்தை அவள் பக்கம் தள்ளினார். அவள் வாசகத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டாள், பக்கத்திலேயே "பிழைகள் பார்க்க" என்று எழுதினாள். தேதி போட்டாள்.

பதிப்பாளர் அட்டையை எடுத்து, கை ஓங்கி நிற்கும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இந்த ஸ்பானர் எங்கதான் போகும்?"

"போயிட்டே இருக்கும். பாறை முடிஞ்சவரைக்கும் இழுத்துப் பார்க்கும். வேகம் கொறையும், ஆனா நிக்காது. கடைசியில நொடிக்கு ஒம்பது மீட்டர் மிச்சம் இருக்கும். அந்த வேகத்துல போயிட்டே இருக்கும்."

பதிப்பாளர் பென்சிலை எடுத்தார். "முடிஞ்சவரைக்கும் இழுத்துப் பார்க்கும். இது நல்லா இருக்கேம்மா. சேர்த்துக்கலாமா?"

"வேண்டாம்," என்றாள் மகள். "இது அம்மா சொன்னது இல்ல."